மேய்ப்பர் கேட்ட கழித்தல் கணக்கு



சமயத் தலைவர்கள் செபத்தோடு நின்றுகொள்ள வேண்டும். அரசை நோக்கி வினா எழுப்புவது அவர்தம் பணியன்று எனச் சிலர் கூறி வருகின்றனர். இதனை நிதானம் என்கின்றனர். அன்று, அச்சத்திற்குப் போர்த்திய பொன்னாடை இது!

இலங்கையில் மன்னார் ஆயராக 1992 முதல் 2016 வரை பணியாற்றிய இராயப்பு யோசேப்பு ஆண்டகையைப் பாருங்கள். போர் முடிந்தபின், 2011 சனவரியில், அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 சூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது?

முதல் எண் அரசின் சொந்தப் பதிவுகளிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆயினும் விடை கிட்டவில்லை. மாறாக, 2012இல் புலனாய்வுத் துறையினர் ஆயரையே விசாரித்தனர். அவர் பின்வாங்கவில்லை. 2021 ஏப்ரல் முதல் நாள் அவர் மறைந்தார், கேள்வி மறையவில்லை.

இவ்வாறு கேட்பதால் மந்தைக்கே ஆபத்து என்பர் சிலர். காணாமற்போனவர்களை எந்த மௌனம் காப்பாற்றியது?

நாள்தோறும் நாம் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர்களை அழைக்கிறோம். பிள்ளையொன்று வீடு திரும்பவில்லை என்றறிந்தும் பதிவேட்டை மூடிவிட்டுப் பாடம் நடத்தும் ஆசிரியரை எந்தப் பெற்றோர் மன்னிப்பர்?

பாசிர் பெனம்பாங் ஆயினும் மன்னார் ஆயினும் காப்பவரின் முதற்கடமை எண்ணுவதே. எண்ணிக்கை குறைந்தால் அதை உரக்கச் சொல்வதே துணிவு.