இரவில் கேட்டதற்குச் சான்று எங்கே?

2025 மார்ச் இறுதியில் ஹைதராபாத் கச்சிபௌலியில், மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கர் நிலத்தில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. இருளில் மயில்கள் அகவும் ஒலியோடு காணொலிகள் நாடெங்கும் பரவின. மயில்கள் கதறுகின்றன என்றனர் மாணவர்கள். பரவுகின்றவற்றுள் செயற்கை நுண்ணறிவால் புனையப்பட்டவையும் உள்ளன என்றது மாநில அரசு. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுதலை நிறுத்த ஆணையிட்டது.

அவ்வழக்கின் நியாயங்களைப் பேசுவது என் நோக்கமன்று. புனேயில் பறவை ஒலிகளை ஆராயும் மாணவி என்ற முறையில், அந்நாட்களில் என்னை உறுத்திய கேள்வி வேறு. மயிலின் குரலை அறிவது எளிது. அது அச்சத்தின் குரல் என்று நிறுவ நம்மிடம் என்ன இருந்தது? அச்சுறுத்தப்பட்ட மயில் இரவில் அகவும். இனப்பெருக்கக் காலம் நெருங்குகையில், எவ்வித இடையூறும் இன்றி, அடைந்த மரத்திலிருந்தும் அகவும். முந்தைய ஆண்டுகளின் மார்ச் இரவுகளில் அவ்விடத்தில் மணிக்கு எத்தனை முறை அகவல் கேட்டது என்ற கணக்கு கையில் இருந்தால், ஒப்பிட்டுப் பேசியிருக்கலாம். என்னிடம் அது இல்லை. என் வளாகத்தைப் பற்றியும் அப்போது என்னிடம் அப்படியொரு கணக்கு இல்லை.

ஆகவே என் கருத்தை நேராகவே சொல்கிறேன். நகரப் பறவைகளை இரவுக் குரலால் அடையாளம் காண்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. உயிரியல் துறைகள் அதனைக் களப்பயிற்சியாகக் கற்பிக்க வேண்டும். நம் பறவைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடுகின்றன. இரவில் வாழ்பவை பட்டியலில் இடம்பெறுவதில்லை. பட்டியலில் இல்லாதவை, மரம் வெட்ட ஒப்புதல் கோரும் கோப்பில் மட்டும் எவ்வாறு இடம்பெறும்?

கற்க வேண்டிய குரல்களும் மிகப் பலவல்ல. ஆட்காட்டி பகலிலும் இரவிலும் விழித்திருக்கும். ஆள் நடமாட்டம் கண்டால் ஓயாது கத்தும். அதன் பெயரே அச்செய்தியைச் சுமந்து நிற்கிறது. புள்ளி ஆந்தைகள் அந்தி கவியும்போது இணையாகக் கரகரத்துச் சச்சரவிடும். கூகையோ அலறும், கீச்சிடும், சீறும். அதன் குஞ்சுகள் இரைகேட்டு எழுப்பும் ஒலி மனிதக் குறட்டையை ஒத்தது. பக்கியின் குரல், கல்தரையில் நழுவவிட்ட கோலிக்குண்டு துள்ளித் துள்ளி இடைவெளி குறுகி அடங்குவதைப் போன்றது. மழைக்காலத்துக்கு முன் நிலவொளியில் அக்காக்குயில் தன் குரலைப் படிப்படியாக உயர்த்தி, உச்சத்தில் சட்டென நிறுத்தும். ஒரு பருவம் செவிமடுத்தால் இவை பழகிவிடும்.

கைப்பேசிச் செயலி இருக்கையில் செவி எதற்கு என்று கேட்கும் இளையோர் உண்டு. ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி மெர்லின் செயலியில் 2021இல் வந்தது. கற்பதற்கு அது நல்ல துணை, நானும் பயன்படுத்துகிறேன். ஆயினும் அது தருவது ஒரு பரிந்துரையே. அதனைக் கேட்டறிந்து உறுதி செய்யாமல் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவது முறையன்று.

செவியும் பிழை செய்யும். என் முதல் மழைக்காலத்தில், காதுபோல் தூவிகள் உயர்ந்த சிற்றாந்தை ஒன்றின் குரலை மூன்று இடங்களில் கேட்டதாகக் குறித்தேன். சீரான இடைவெளியில் ஒலிக்கும் மெல்லிய ஒற்றைக் குரல் அது. பதிவுகளைக் கேட்ட நெறியாளர், “இவற்றுள் இரண்டு தவளைகள் அம்மா” என்றார். ஒலிநிறமாலையை விரித்துப் பார்த்தபோது எனக்கும் விளங்கியது. வெட்கமாக இருந்தது, ஆனால் திருத்த முடிந்தது. மூல ஒலிப்பதிவை வைத்திருந்ததால் மட்டுமே திருத்த முடிந்தது. பெயரை மட்டும் எழுதியிருந்தால், இல்லாத இரண்டு ஆந்தைகள் என் ஆய்வேட்டில் இன்றும் வாழ்ந்திருக்கும்.

எனவே, கேட்ட நேரம், இடம், வானிலை, வெட்டித் திருத்தாத மூலப் பதிவு ஆகியவை சேர்ந்ததே சான்று. எதுவும் கேட்காத இரவையும் குறிக்க வேண்டும், அமைதியும் தரவுதான். ‘இது புனையப்பட்டது’ என்று எவரும் சொல்லிவிடக்கூடிய காலத்தில், இவ்வொழுங்கே நம் கவசம்.

இரவில் வெளியே செல்வது எல்லோர்க்கும் இயலாது என்பதை அறிவேன். எங்கள் விடுதிக் கதவு பத்து மணிக்கு மூடப்படுகிறது. ஆண் நண்பர்கள் சேகரிக்கும் தரவை நான் சேகரிக்க முடியாமல் போன இரவுகள் பல. ஆனால் இத்துறை வேறொரு வழியைத் திறக்கிறது: விடுதி மாடியில் அமர்ந்தும் பத்து நிமிடம் கேட்கலாம். அதே மாடி, அதே நேரம், வாரம் ஒருமுறை, ஓராண்டு. இத்தகைய ஒழுங்கான சிறுபதிவுகளே பின்னாளில் ஒப்பீட்டுக்கு அடிப்படையாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிபெருக்கியில் இசைக்காதீர்கள்; கூடு காக்கும் பறவையின் ஆற்றலை அது வீணடிக்கும். ஆந்தை அடையும் மரத்தின் துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும், மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதை டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010இல் அறிக்கையாகவே வெளியிட்டது.

இயந்திரம் வந்தபின் பதிவு செய்யத் தொடங்கினால், ஒப்பிடுவதற்கு நேற்றைய இரவு இருக்காது. உங்கள் வளாகத்தில் இன்று எல்லாம் அமைதியாக இருக்கிறது என்றால், தொடங்க வேண்டிய நாள் இன்றுதான்.