பத்தாம் பக்கத்தின் கடைசி வரி

தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான்: நான் கொடுக்கும் நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் உரியவருக்குப் போய்ச் சேரும்? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஏமாற்றுகிறது. அமெரிக்காவில் இந்தக் கேள்வியை வைத்தே ஒரு தரமதிப்பீட்டுத் தொழில் வளர்ந்திருக்கிறது. மொத்தச் செலவில் 65 சதவீதமாவது பணித் திட்டங்களுக்குப் போக வேண்டும் என்பது அங்கே பெரிதும் மதிக்கப்படும் ஓர் அளவுகோல். இந்தியா ஒரு படி மேலே போய்விட்டது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகள் நிர்வாகத்துக்குச் செலவழிக்கக்கூடிய வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்து, 2020-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. நிர்வாகச் செலவு குறைந்தால் தொண்டு சிறக்கும் என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, அமெரிக்க நுரையீரல் சங்கத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

1904-ல் காசநோயை ஒழிப்பதற்காகத் தொடங்கப்பட்ட சங்கம் அது. 1907-ல் டெலவேர் மாநிலத்தில் எமிலி பிஸ்ஸெல் என்ற பெண்மணி, நோயாளிகள் தங்கியிருந்த ஒரு சிறு விடுதி மூடப்படாமல் காக்க 300 டாலர் தேவைப்பட்டதால், கிறிஸ்துமஸ் கடிதங்களில் ஒட்டும் வில்லைகளை அச்சடித்து ஒன்று ஒரு சென்ட் என்று விற்றார். டென்மார்க்கில் ஒரு தபால் ஊழியர் தொடங்கிவைத்த யோசனை. 300 டாலர் கேட்டவருக்குச் சுமார் 3,000 கிடைத்தது. அதன்பின் அந்த வில்லைதான் சங்கத்தின் அடையாளம், வருமானம், பிரசாரம் எல்லாமே. (நம் பள்ளிகளில் மாணவர் கையில் கொடுத்து விற்கச் சொன்ன காசநோய் வில்லைகள் இதே வம்சம்தான்.) மருந்துகள் வந்து காசநோய் அங்கே அடங்கிய பிறகும் சங்கம் கடையைக் கட்டவில்லை. 1973-ல் பெயரை மாற்றிக்கொண்டு புகைப்பழக்கம், ஆஸ்துமா, காற்று மாசு என்று நகர்ந்தது. எதிரி போன பிறகும் படையைக் கலைக்காத அமைப்பு என்று இதைக் கேலி செய்யலாம். நுரையீரலின் எதிரிகள் தீர்ந்தபாடில்லை என்பதால் எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை.

கணக்குக்கு வருவோம். ஒரு நுரையீரல் தொண்டு நிறுவனம் லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தபால் அனுப்புகிறது என்று வையுங்கள். உறைக்குள் வில்லைகள், நன்கொடை கேட்கும் கடிதம், கூடவே 'புகைப்பதை விடுங்கள், இருமல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்' என்று இரண்டு வரி. இந்தத் தபாலுக்கான செலவு நிதி திரட்டலா, சுகாதாரக் கல்வியா? அமெரிக்கக் கணக்கியல் விதிகளின்படி, நோக்கம், பெறுநர், உள்ளடக்கம் ஆகிய மூன்று சோதனைகளில் தேறினால் செலவை இரண்டுக்கும் பிரித்து எழுதலாம். இதற்குக் கூட்டுச் செலவு என்று பெயர். திருட்டு அல்ல, விதி அனுமதிக்கும் வழிதான். ஆனால் பிரித்து எழுதிய அந்தக் கணத்திலேயே தபால் செலவில் ஒரு பகுதி 'பணித் திட்டம்' என்ற பத்தியில் ஏறிவிடுகிறது, விழுக்காடு அழகாகிவிடுகிறது. அந்த இரண்டு வரியைப் படித்து யாராவது சிகரெட்டைக் கீழே போட்டார்களா என்பதைக் கணக்குப் பிள்ளை கேட்பதில்லை. கேட்கவும் முடியாது.

இப்போது எதிர்ப்பக்கம். அமெரிக்கச் சட்டப்படி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை காற்றுத் தர வரம்புகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். 1987-ல் தூசிக்கு வரம்பு விதித்த முகமை அதன்பிறகு அசையவில்லை. நுரையீரல் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1994-ல் அரிசோனாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் முகமைக்குக் காலக்கெடு விதித்தது. 1997 ஜூலையில், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு அந்நாட்டின் முதல் வரம்பு வெளியானது: கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 15 மைக்ரோகிராம். 2024-ல் அது 9 ஆக இறுக்கப்பட்டது. இன்று நம் கைப்பேசியில் தில்லியின் காற்றைச் சொல்லும் பி.எம். 2.5 என்ற சொல் உலக வழக்கானதில் அந்த வரம்புக்கும் பங்குண்டு. ஒரு வழக்குக்கு என்ன செலவாகியிருக்கும்? சில வழக்கறிஞர்களின் கட்டணம், விஞ்ஞானிகளின் நேரம், பயணம், நகல்கள். லட்சக்கணக்கான தபால்களோடு ஒப்பிட்டால் ஆண்டறிக்கையின் வட்ட வரைபடத்தில் அது ஒரு கீற்றுகூட ஆகாது. விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் கண்ணில் தபால் பெரிய தொண்டு, வழக்கு சில்லறைச் செலவு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வரம்பு வந்தது சங்கத்தால் மட்டுமா? 1993-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆறு நகரங்களின் காற்றையும் மரணங்களையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இல்லாமல் முகமை எதை வைத்து வரம்பு எழுதியிருக்கும்? உண்மைதான். புகழை முழுதாக யாருக்கும் எழுதிவைக்க முடியாது. ஆனால் ஆய்வு தானாக அரசாணையாவதில்லை. காலக்கெடு இல்லாத ஆய்வு அலமாரியில் தூங்கும். பங்கைத் துல்லியமாக அளக்க முடியாது என்பதற்காக அதைப் பூஜ்யம் என்று எழுதுவது எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொரு மறுப்பு கனமானது. விழுக்காட்டைக் கைவிட்டால் மோசடிக்காரர்களை எதை வைத்துப் பிடிப்பது? 2015-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும் ஐம்பது மாநிலங்களும் சேர்ந்து, புற்றுநோயின் பெயரால் 18.7 கோடி டாலர் திரட்டிய நான்கு அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தன. அந்த வழக்கின் குற்றச்சாட்டையே படித்துப் பாருங்கள்: வெளிநாடுகளுக்கு அனுப்பியதாகச் சொன்ன நன்கொடைப் பொருள்களைக் கணக்கில் ஏற்றி, தங்கள் செலவு விழுக்காட்டை அவர்கள் அழகுபடுத்தியிருந்தார்கள். திருடனைப் பிடிக்க வைத்த கருவியையே திருடன் முகமூடியாக்கிக்கொண்டான். 2013-லேயே அந்நாட்டின் மூன்று பெரிய மதிப்பீட்டு அமைப்புகள், நிர்வாகச் செலவை மட்டும் வைத்து எங்களைக்கூட நம்பாதீர்கள் என்ற பொருளில் நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. மிகக் கேவலமான விழுக்காடு எச்சரிக்கை மணிதான், மறுக்கவில்லை. நல்ல விழுக்காடு நற்சான்றிதழ் ஆகாது, அவ்வளவே.

ஆகவே திட்டம் திட்டமாகத்தான் பார்க்க வேண்டும். புகையை விடச் சொல்லித்தரும் வகுப்பா? வகுப்பு முடிந்த நாளில் எத்தனை பேர் விட்டிருந்தார்கள் என்பது விளம்பரத்துக்கு உதவும். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் என்பதே ஆய்வுலகம் ஏற்கும் கணக்கு. நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பிரசாரமா? குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், நெடுநாள் அதிகம் புகைத்தவர்களிடையே அந்தப் புற்றுநோய் மரணத்தை 20 சதவீதம் குறைத்ததை 2011-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. எனவே எத்தனை பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள் என்பதல்ல, தகுதியுள்ளவர்களில் எத்தனை பேர் ஸ்கேன் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் திட்டத்தோடு சேர்ந்த கேள்விதான். தான் வழக்காடும் அதே முகமையிடமிருந்து நுரையீரல் சங்கம் மானியமும் பெற்றிருக்கிறது. எதிர்ப்பாளர்கள் இதை இன்றும் விடுவதில்லை. வாங்கிய கை தயங்காமல் வழக்குப் போட்டதா என்றுதான் நான் பார்ப்பேன். போட்டது. ஆஸ்துமா மருந்து விற்கும் நிறுவனத்தின் பணத்தில் ஆஸ்துமா விழிப்புணர்வு நடத்தும் எந்தச் சங்கத்திடமும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடுதல்.

அமெரிக்கத் தொண்டு நிறுவனம் எதற்காவது பணம் அனுப்பும் எண்ணம் உங்களுக்கோ, அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கோ இருந்தால், அது ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் 990 என்ற படிவத்தைக் கேளுங்கள். யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். கூட்டுச் செலவு பத்தாம் பக்கத்தின் அடியில், 26-ஆவது வரியில் இருக்கும்.