மூக்கு சொன்னா நம்பலாம். கடை விளக்கு சொன்னா?

நாகர்கோவிலில் ஏத்தங்காய் சிப்ஸ் கடைகளுக்கு விளம்பரப் பலகையே தேவையில்லை. வாசலிலேயே அடுப்பு, அதில் பெரிய வாணலி, கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்குள் நேராகச் சீவி விழும் நேந்திரங்காய். மஞ்சள் கலந்த உப்புநீரைத் தெளிக்கும்போது சடசடவென்று ஒரு சத்தம். கூடவே தெரு முழுக்க மணம். கால் கிலோ வாங்க வந்தவர், ‘சூடா இருக்கே, அரைக் கிலோவா போடுங்க’ என்பார். ஏன் கூடுதலாக வாங்கினோம் என்று யோசிக்கக்கூட மாட்டார்.

இது தற்செயல் அல்ல. கடையின் சூழலே ஒரு விற்பனைக் கருவி என்று அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் காட்லர் 1973-லேயே எழுதினார். சில நேரம் பொருளைவிட, அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் ஒளி, ஒலி, மணம், தொடு உணர்வுதான் வாங்க வைக்கிறது என்பது அவரது வாதம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1982-ல் ரொனால்ட் மில்லிமன் என்பவர் ஓர் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் இசையை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார். மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் மெதுவாக நடந்தார்கள். வேகமான இசை ஒலித்த நாட்களைவிட விற்பனை சுமார் 38 சதவீதம் கூடியது.

1997-ல் வெளியான இன்னொரு ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது. பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயின் அதிகம் விற்றது. ஜெர்மன் இசை ஒலித்தபோது ஜெர்மன் ஒயின். ஆனால், பதில் சொன்ன 44 பேரில் 6 பேர்தான் ‘இசை காரணமாக இருக்கலாம்’ என்று ஒப்புக்கொண்டார்கள். ‘என்னை யாரும் ஏமாத்த முடியாது’ என்று நினைப்பவரும் இந்த வலையில் விழுவார் என்பதே இதிலுள்ள சேதி.

எந்த மணம் நேர்மையானது?

சூழல் அமைப்பதே மோசடி என்று சொல்லிவிட முடியாது. தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ மணக்கிறது என்றால் அது பூவின் மணம். சிப்ஸ் கடையில் எண்ணெய் காறிப்போயிருந்தால் அதையும் மூக்கே சொல்லிவிடும். இங்கே மணம் என்பது தகவல்.

குளிரூட்டப்பட்ட ஜவுளிக் கடையில் தெளிக்கப்படும் வாசனைத் திரவியம் புடவையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நகைக்கடையில் மஞ்சள் ஒளி தங்கத்தின் நிறத்தைத் தூக்கிக் காட்டும். வெள்ளை ஒளி வைரத்தை மின்ன வைக்கும். அங்கே நாம் பார்ப்பதில் பாதி பொருள், பாதி விளக்கு. கல்யாண ஜவுளிக்கும் நகைக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

இணைய வணிகத்தில் வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 வகை உத்திகளுக்கு எதிராக மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. கடைக்குள் ஒலிக்கும் பாட்டுக்கும் பரப்பும் மணத்துக்கும் அப்படி விதி போட்டு மாளாது, போடவும் வேண்டாம். ஆனால், துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க ஓர் இடம் ஒதுக்குவதை ஜவுளிக் கடைகளே செய்யலாம். துணி மேல் நம்பிக்கை உள்ள கடைக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வாங்குபவர்கள் கையிலும் வழி இருக்கிறது. ‘மக்ளே, வாசல்ல கொண்டு போய் பாத்துக்கோ’ என்று புடவை எடுக்கும்போது பாட்டிமார் சொல்வது பழைய பழக்கம் மட்டுமல்ல, சரியான சோதனை. தங்கத்துக்கு கண் போதாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். வாங்க வேண்டியதையும் அதற்கான தொகையையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது. கடைக்குள் பாட்டு எவ்வளவு மெதுவாக ஒலித்தாலும் சீட்டில் எழுதிய தொகை மாறாது.