கோடை மழையும் ஒரு பழைய குற்றச்சாட்டும்

சித்திரை வெயில் ஏறியதும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்பு' என்ற வரி வந்துவிடும். கூடவே கேலியும் வந்துவிடும். எங்காவது ஒரு மூலையில் நாலு தூறல் விழுந்தால் அறிவிப்பு பலித்ததாகிவிடும், விழாவிட்டால் 'வாய்ப்பு' என்றுதானே சொன்னோம் என்று நழுவிக்கொள்ளலாம், ஆகவே இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரம் என்பது டீக்கடைப் பேச்சிலேயே உறைந்துபோன கருத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இடிமேகத்தின் இயல்பைக் கணக்கில் எடுக்காத நியாயம் அது.

வானிலைத் துறையில் அந்த வரிக்கு அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைப்பதிவு நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை ஒருசில இடங்கள். 51 முதல் 75 வரை பல இடங்கள். அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். மறுநாள் காலை 8.30 மணிக்கு மழைமானிகளைப் பார்த்து, சொன்னது சரியா தவறா என்று எண்ணிவிடலாம். முக்கால்வாசி நிலையங்களுக்காவது மழை கிடைக்காது என்பதும் அந்த அறிவிப்புக்குள் அடங்கியிருக்கிறது. அதை மட்டும் யாரும் காதில் வாங்குவதில்லை. 'ஒரே ஒரு நிலையத்தில் பெய்தாலும் பலித்ததாகிவிடுமே' என்று கேட்கலாம். மே மாதத்தில் அது எளிதில் பலிக்கும் அறிவிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மையம் வேறு நாட்களில் 'வறண்ட வானிலை நிலவும்' என்றும் எழுதுகிறது. தப்பிக்க வழி தேடுகிறவர் அந்த வரியை எழுதவே மாட்டார்.

இதைவிட வலுவான கேள்வி புயலை வைத்து எழுவது. கரை கடக்கும் இடத்தைச் சில நாட்களுக்கு முன்பே சொல்கிறவர்களுக்கு, இன்று மாலை ஆம்பூரில் மழையா, வாணியம்பாடியில் மழையா என்று சொல்ல முடியாதா? முடியாது. புயல் பல நூறு கி.மீ. அகலம் கொண்டது, நாட்கணக்கில் வாழ்வது. கோடையின் தனி இடிமேகம் 5 முதல் 10 கி.மீ. அகலத்தில் எழுந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துக் கலைந்துவிடும். காலையில் வானத்தில் அதன் சுவடே இருக்காது. மேற்கத்திய வறண்ட காற்றும் வங்கக்கடலின் ஈரக்காற்றும் முட்டும் கோடு இன்று வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி வழியாக ஓடும் என்பதை முந்தைய நாளே கணிக்கலாம். அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியில் மேகம் பொங்கும் என்பதை ஒரு மலைச்சரிவோ, நேற்றைய மழையில் நனைந்த வயலோ, பக்கத்து மேகம் கொட்டியபின் தரையோடு பரவும் குளிர்காற்றோ தீர்மானிக்கிறது. இவ்வளவு சிறிய அளவில் கணிப்பின் ஆயுள் மணிக்கணக்குதான் என்பதை வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1969இலேயே கணக்கிட்டுக் காட்டினார். புயலின் பாதையில் 100 கி.மீ. பிசகினாலும் எச்சரிக்கை பயன்படும். இடிமேகத்தில் அது வேறு மாவட்டம். 'வெயில் கொளுத்தினால் மாலையில் மழை' என்ற ஊர்க்கணக்கும் இங்கே உதவாது. ஈரமும் மேலே தூக்கிவிடும் காற்றும் இல்லாமல் வேலூர் 42 டிகிரியில் காய்ந்து கிடந்த நாட்கள் ஏராளம்.

தனியார் ஆர்வலர்கள் ஊர்ப் பெயரோடு சொல்கிறார்களே என்பார்கள். அவர்கள் மாலை நான்கு மணிக்கு ரேடார் படத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். வானிலைத் துறையின் மூன்று மணி நேர எச்சரிக்கையும் அதையே செய்கிறது. அதை முந்தைய நாள் அறிக்கையோடு ஒப்பிடுவது சரியல்ல.

ஆலங்கட்டி மழையில் குழப்பம் இன்னும் அதிகம். கோடையில் நம் வானத்தில் உறைநிலை ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் கட்டி வெப்பக் காற்றைக் கடந்து வரும்போது பெரும்பாலும் கரைந்து, சமவெளியில் பெருந்துளியாகவே விழும். நீலகிரியிலும், சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரிலும் அது கட்டியாகவே தரை தொட வாய்ப்பு அதிகம். விழுந்தாலும் சில நிமிடங்களில் உருகிவிடும். மழைமானியின் வாய் ஒரு சாண்கூட இல்லை. அதில் விழுந்தது பனியா நீரா என்று மில்லிமீட்டர் கணக்கு சொல்லாது. எனவே பதிவேட்டில் இல்லை என்பதை வைத்து, 'இதற்கு முன் நடந்ததே இல்லை' என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

குறை சொல்லவேண்டிய இடம் வேறு. சென்னை ரேடாரின் கதிர், புவியின் வளைவால், 250 கி.மீ. தாண்டியுள்ள ஓசூரை எட்டும்போது கடல்மட்டத்திலிருந்து 5 கி.மீ.க்கும் மேலே போய்விடுகிறது. மேகத்தின் உச்சியை அது பார்க்கும். அடியில் கிளம்பும் சூறைக்காற்றைப் பார்க்காது. சத்தியமங்கலம் பக்கம் குலை தள்ளிய வாழையைச் சாய்ப்பது அந்தக் காற்றுதான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மஞ்சள் எச்சரிக்கை விடுவதும் அந்த விவசாயிக்குப் போதாது. ரேடார்களை இன்னும் நெருக்கமாக நிறுவுங்கள், எச்சரிக்கையை வட்டார அளவுக்கு இறக்குங்கள் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு.