கூடைக்குள் 350 கிலோமீட்டர்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு வீடு மாற்றுபவர்கள் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரு வாரம் முன்பே அட்டைப்பெட்டி தேடுகிறார்கள். பூனைக்கான கூடை மட்டும் கிளம்பும் நாள் காலையில்தான் பரணிலிருந்து இறங்குகிறது. கண்டதும் பூனை கட்டிலுக்கடியில். பிறகு 350 கிலோமீட்டருக்கு ஓலம், எச்சில், வாந்தி.

இதைத் திமிர் என்பது அநியாயம். பூனை இடத்தோடு ஒட்டி வாழும் பிராணி. கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசிவைத்த கதவும் சோபாவும் ஒரே நாளில் பறிபோகின்றன. இந்தப் பயணப் பதற்றத்துக்கு ப்ரீகாபலின் கரைசல் ஒன்றுக்கு 2023 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. காபாபென்டினும் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தரும் மருந்துதான். வீட்டுத் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் உயிருக்கே ஆபத்து.

மருந்தைவிட மலிவான வழியும் உண்டு. கூடையைச் சில வாரங்களுக்கு முன்பே கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே பழைய போர்வையும் மீன் துண்டும் போடலாம். சுங்கச்சாவடியில் பாவம் பார்த்து அதைத் திறக்கவே கூடாது.

புது வீட்டில் முதலில் ஒரே அறை போதும். பூனை மலஜலம் கழிக்கும் பழைய மண்தட்டை அங்கே கழுவாமல் வைத்தால், பினாயில் போட்டுத் துடைத்துக் காத்திருக்கும் பாட்டி முகம் சுளிப்பார். அந்தப் பினாயில் பூனைக்கு நஞ்சு என்பதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.