பல்லி எங்கே போயிற்று?

சென்ற டிசம்பரில் என் ஆறு வயதுப் பேத்தி, "டியூப்லைட் பக்கத்தில் இருக்குமே பல்லி, அது எங்கே தாத்தா?" என்று கேட்டாள். "செத்துப் போயிருக்கும்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. குழந்தையின் முகம் வாடிவிட்டது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்க்கத் தெரிந்த நமக்கு, குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

பள்ளியில் துருவக் கரடி குளிர்காலம் முழுவதும் தூங்கும் என்று படித்து வந்திருந்தாள். அதுவும் சரியல்ல. கருவுற்ற பெண் கரடிதான் பனிக்குழியில் அடைந்து கிடக்கும். மற்றவை இரை தேடி அலையும். எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? டில்லியில் ஜனவரியில் 5 டிகிரி, மே மாதத்தில் 45 டிகிரி. இதைவிட நல்ல பாடசாலை ஏது?

பல்லிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. சுவர் இடுக்கில், படச்சட்டத்துக்குப் பின்னால் ஒடுங்கி, வாலில் சேர்த்து வைத்த கொழுப்பைக்கொண்டு காலம் தள்ளும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கும். காகம் அலகைத் திறந்து வைத்திருப்பதும் அதற்காகத்தான். எருமை குட்டையில் இறங்கிவிடும். குளிர்காலத்தில் தலைக்கு மேல் வட்டமிடும் பருந்துகளில் பல, இமயமலையைக் கடந்து மத்திய ஆசியாவிலிருந்து வந்தவை. ஆனால் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பிறகு வரவில்லை. இதையும் குழந்தையிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தண்டவாளம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காக இணைப்புகளில் இடைவெளி விட்டோம். குளிர்கால இரவுகளில் விரிசல் பார்க்க விளக்கோடு ஆட்களை நடக்கவிட்டோம். இரும்புக்கே இவ்வளவு உபசாரம். எங்கள் குடியிருப்பிலோ மாடிப்படிக்குக் கீழே நாய்க்குப் போட்ட சாக்கை ஜனவரியில் எடுத்து எறிந்தார்கள். மே மாதம் பறவைகளுக்கு வைத்த மண்சட்டியை, கொசு வரும் என்று அகற்றினார்கள். கொசு பயம் நியாயமானதே. டெங்குவை நானும் அனுபவித்தவன். ஆனால் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றினால் கொசு எப்படி வரும்?

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். வாசலில் ஒரு சட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். யார் கழுவினார்கள், என்ன பறவை வந்தது, பல்லி எந்தத் தேதியில் மறைந்தது என்று குழந்தைகளே தமிழில் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம். பெரியவர்கள் பெயர் தெரியாத பறவையை "ஏதோ ஒரு குருவி" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் பல்லி வந்தது. டியூப்லைட் பக்கத்தில் அல்ல, ஸ்விட்ச்போர்டுக்கு மேலே. "இது அதே பல்லியா, வேறு பல்லியா?" என்று பேத்தி கேட்டாள். அடுத்த டிசம்பருக்குள் கண்டுபிடித்துச் சொல்வதாகத் தவணை வாங்கியிருக்கிறேன்.