வெள்ளி அடைப்பும் வெள்ளை அடைப்பும்

என் அம்மாவின் கடைவாய்ப் பல்லில் கறுத்துப்போன அடைப்பு ஒன்று உண்டு. குளுவாங் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் அவர் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, 1979-இல், பள்ளிக்கு வந்த பல் மிசி அடைத்தது. இன்றும் அந்தப் பல்லால்தான் அம்மா முறுக்குக் கடிக்கிறார். நான் ஸ்கூடாயில் இறுதியாண்டு படித்தபோது, 2017-இல், தனியார் கிளினிக் ஒன்றில் பல் நிறத்திலேயே அடைத்துக்கொண்டேன். நான்கே ஆண்டுகளில் அதன் ஓரத்தில் மீண்டும் சொத்தை. “உன் படிப்பெல்லாம் இதுக்கு உதவலையா?” என்று அம்மா சிரித்தார்.

பொருளியந்திரவியல் படித்தவனுக்கு அந்தக் கேள்வி சற்றுக் குத்தவே செய்தது. ஏனென்றால், வலிமையை மட்டும் பார்த்தால் என் அடைப்பு தோற்றிருக்கக் கூடாது. செம்பு மிகுந்த அமால்கம் ஏறத்தாழ 400 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும். நல்ல கம்போசிட் 300-ஐ ஒட்டித் தாங்கும். நம் பல்லின் உட்பகுதியும் அவ்வளவுதான். கிளாஸ் அயனோமர்தான் இவற்றில் மிகவும் பின்தங்கியது. அது பல்லோடு தானே ஒட்டும், ஃபுளோரைடும் கசியவிடும். ஆனால் மெல்லும் இடத்தில் விரைவில் தேய்ந்துவிடும்.

உண்மையில் அடைப்பு தோற்பது நடுவில் அல்ல, ஓரத்தில். கம்போசிட் ஒளிபட்டு இறுகும்போது 2 முதல் 3 விழுக்காடு சுருங்குகிறது. சுருங்கும்போது பல்லிலிருந்து விலகப் பார்க்கும். அதனால்தான் மருத்துவர் அதை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றாக இறுக வைக்கிறார். இடையில் ஒரு துளி எச்சில் பட்டாலும் ஒட்டு கெடும். அமால்கம் இவ்வளவு செல்லம் கேட்பதில்லை. ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், நாளடைவில் அதன் துருவே ஓர இடுக்கை அடைத்துவிடும். ஒட்டாத பொருள் என்பதால் நல்ல பல்லையும் கொஞ்சம் கூடுதலாகக் குடைய வேண்டும் என்பது அதன் பெரிய குறை.

லிஸ்பன் நகரில் காசா பியா பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007-இல் வெளிவந்தது. ஏழாண்டு வரையிலான கணக்கில் அமால்கம் அடைப்புகளில் 94.4 விழுக்காடும் கம்போசிட்டில் 85.5 விழுக்காடும் நிலைத்தன. தோற்றவற்றில் பெரும்பாலானவை மறுசொத்தையால் தோற்றன. ஆனால் 2010-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றில், பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில், சொத்தை வாய்ப்புக் குறைந்தவர்களிடம் கம்போசிட்டே முந்தியது. வாய்ப்பு மிகுந்தவர்களிடம் அமால்கம் முந்தியது. ஆகவே எது உறுதி என்று கேட்பதைவிட, யாருடைய வாயில் என்று கேட்பதே சரி. என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்: விடுதி வாழ்க்கை, நள்ளிரவுத் தே தாரிக், காலையில் அவசரப் பல் துலக்கல்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாத்தா உடன்படிக்கை மாநாடு, பல் அமால்கத்தை 2034-க்குள் முடிவுக்குக் கொண்டுவர இணங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலேயே பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அமால்கத்தில் பாதி பாதரசம். அது கழிவாகி மண்ணையும் நீரையும் சேர்கிறது. அந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. வெள்ளை அடைப்பு அழகுக்காக மட்டும் என்று ஏளனம் செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

என் கவலை வேறு. கவனமாக வைக்கப்படும் கம்போசிட்டுக்கு நாற்காலியில் கூடுதல் நேரம் வேண்டும். வரிசையில் முப்பது பேர் காத்திருக்கும் அரசாங்கப் பல் கிளினிக்கில் அந்த நேரம் எங்கிருந்து வரும்? அங்கே காத்திருப்பவர்களில் தோட்டத்திலிருந்து நகர்ப்புற அடுக்குமாடிக்கு வந்த நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். சொத்தை மிகுந்த வாய்க்கு, அவசரத்தில் வைத்தாலும் தாங்கிய பொருள் போகிறது. நேரமும் வறட்சியும் கேட்கும் பொருள் வருகிறது. பொருளை மட்டும் மாற்றிவிட்டு, பணியாளர் எண்ணிக்கையையும் நேரத்தையும் அப்படியே விட்டால், நான்காண்டுக்கு ஒருமுறை குடைந்து குடைந்து பல்லையே இழப்பவர்கள் அவர்கள்தான். பல் மருத்துவம் பயிலும் நம் தம்பி தங்கையர் இதைச் சுகாதார அமைச்சிடம் இப்போதே கேட்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று. வெள்ளை வந்துவிட்டது என்பதற்காக உறுதியாக உள்ள பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லாதீர்கள். தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படும். நல்ல பல்லும் வீணாகும்.

என் மாமா மகள் திருமணத்துக்கு முன் அம்மாவும் அப்படித்தான் ஆசைப்பட்டார். மருத்துவர் கண்ணாடியை உள்ளே விட்டுச் சுற்றிலும் பார்த்துவிட்டு, “இதை யார் அடைத்தது?” என்று கேட்டாராம். பெயர் தெரியாத அந்த மிசியை நினைத்துக்கொண்டே அம்மா வீடு திரும்பினார், அதே கறுப்பு அடைப்போடு.